புகைப் பரிசோதனை: ரவுணுக்குப் போவதா, நடமாடும் வண்டிக்குக் காத்திருப்பதா, ஆள்விட்டு எடுப்பதா?

"வரிப்பத்திரம் முடிய இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு. வாகனம் ஹையேஸ் வான். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ப் புகை எடுக்கிறதா, இஞ்சாலை வண்டி வருமெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறதா?"

வன்னியில் வாகனம் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கேட்பவரைப் பொறுத்து ஹையேஸ் மோட்டார் சைக்கிளாகும், ஒட்டுசுட்டான் மல்லாவியாகும், நெடுங்கேணியாகும். கேள்வி அதேதான். யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவருக்கு இது மத்தியான இடைவேளையில் முடிகிற வேலை. முல்லைத்தீவில் இருப்பவருக்கு ஒரு நாள் உழைப்பு போய்விடும். பரிசோதனையில் தவறினால் இரண்டு நாள்.

எந்தப் பரிசோதனை எதற்கு

இரண்டு பரிசோதனைகளைப் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

வாகனத்துக்கு ஒவ்வொரு வருடமும் வரிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் செல்லுபடியான காப்புறுதியும் புகைச் சான்றிதழும் தேவை. புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா என்ற இரண்டு நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் சான்றிதழின் பெறுமதி ஒன்றுதான். முல்லைத்தீவு வாகனத்துக்கு வவுனியாவில் எடுத்தாலும் செல்லும், கொழும்புக்குப் போன இடத்தில் எடுத்தாலும் செல்லும்.

லொறி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேலாகத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். பேச்சில் 'பிட்னஸ்' என்போம். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ரயர், சட்டகம் எல்லாம் பார்ப்பது அதில்தான்.

புகைப் பரிசோதனையில் பார்ப்பது சைலன்சரால் வெளியே வருவதை மட்டும். பிரேக் பிடிக்கிறதா, ரயரில் பூ இருக்கிறதா, பின் விளக்கு எரிகிறதா என்று அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் சான்றிதழ் கைக்கு வந்ததும் 'வாகனம் ஓகே' என்ற நிம்மதி வந்துவிடுகிறது. சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வருடந்தோறும் பிரேக்கைப் பார்க்கும் அரச பரிசோதனை எதுவும் கிடையாது. நாமாகப் பார்த்தால்தான் உண்டு. கீழே நான் எந்த வழியைப் பரிந்துரைத்தாலும் இந்தக் கவலையை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

எதை வைத்துத் தீர்மானிப்பது

பரிசோதனைக் கட்டணத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். செலவில் மிகச் சிறிய பங்கு அதுதான். நான் நாலு விஷயம் பார்ப்பேன்: எத்தனை வேலை நாள் போகும், போனால் சான்றிதழோடுதான் திரும்புவேன் என்று எவ்வளவு நம்பலாம், தவறினால் திருத்துவதற்குக் கிட்டடியில் கராஜும் சாமான் கடையும் இருக்கிறதா, இந்தச் சாட்டில் வாகனத்தை யாராவது ஒருவர் குனிந்து பார்ப்பாரா.

இதில் மூன்றாவதைத்தான் ஆட்கள் மறந்துபோகிறார்கள்.

ரவுணில் உள்ள நிலையத்துக்குப் போவது

வன்னியின் பெரும்பகுதிக்கு ரவுண் என்றால் கிளிநொச்சி அல்லது வவுனியா. மன்னார்ப் பக்கத்தார் மன்னாருக்குப் போவார்கள். பூநகரியில் இருப்பவருக்கு இரண்டு வழி இருக்கிறது. பரந்தன் வீதியால் கிளிநொச்சிக்கு வரலாம், சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் போகலாம். நெடுங்கேணியார் புளியங்குளம் ஏறி வவுனியா போவது வசதி. துணுக்காய், மல்லாவியார் மாங்குளம் வந்தால் கிளிநொச்சிதான் கிட்ட.

முல்லைத்தீவுக் கரைப் பக்கத்தாருக்கு இது தூரப் பயணம். ஏ35 வீதியில் முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரை 50 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து கிளிநொச்சி இன்னும் ஐந்து. போய்வர 110 கிலோமீற்றரைத் தாண்டும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டரை லீற்றர் பெற்றோல். பத்துக் கிலோமீற்றர் ஓடும் ஹையேஸ் என்றால் பதினொரு லீற்றர் டீசல். இதோடு ஒரு நாள் கூலியையும் கூட்டுங்கள். ஓட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கு அன்றைய வருமானம் முழுவதும் போகும்.

இப்படியிருந்தும் இந்த வழிக்கு இரண்டு பெரிய நன்மை உண்டு.

ஒன்று, தவறினால் கை பிசைந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நல்ல கராஜ்கள் இருக்கின்றன, உதிரிப்பாகக் கடைகளும் இருக்கின்றன. எயார் பில்டரை மாற்றி, பிளக்கை மாற்றி, பின்னேரமே திரும்பக் காட்டலாம். காலையில் போனால்தான் இது சரிவரும். மத்தியானம் போய்ச் சேர்ந்தவருக்கு அன்று அந்த அவகாசம் கிடைக்காது.

இரண்டாவது எஞ்சின் சூடு. பெற்றோல் வாகனமானால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சைலன்சருக்குள் குழாய் ஒன்றைச் செருகி, காபன் மொனொக்சைட்டும் எரியாமல் வரும் ஐதரோகாபனும் எவ்வளவு என்று கருவி அளக்கும். டீசல் வாகனமானால் அக்சிலேற்றரை அடிவரை பல தடவை மிதித்து, வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எரிபொருள் முழுக்க எரியாது, கணக்குக் கூடிக் காட்டும். ஊருக்குள் இரண்டாம் கியரில் மூன்றாம் கியரில் திரியும் டீசல் வாகனத்தின் குழாய்க்குள் கரி படிந்து கிடக்கும். ஐம்பது கிலோமீற்றர் ஒரே சீராக ஓடி வந்தால் அதில் கொஞ்சம் எரிந்தும் உதிர்ந்தும் போய்விடும். பரிசோதனையில் பெடலை மிதிக்கும்போது அந்தக் கரி வெளியே கொட்டுவது குறையும். தூரத்திலிருந்து வருபவருக்குத் தூரமே செய்யும் உதவி இது.

நடமாடும் பரிசோதனைக்குக் காத்திருப்பது

நிலையம் இல்லாத இடங்களுக்கு நிறுவனங்கள் கருவியோடு வண்டி அனுப்புவதுண்டு. அறிவித்த நாளில் அறிவித்த இடத்தில் வந்து நிற்கும். அரை நாளில் வேலை முடியும், எண்ணெய்ச் செலவு சொற்பம். வயதானவர்கள், கைக்குழந்தையோடு இருக்கும் பெண்கள், வீட்டில் ஒரேயொரு மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு நாளாந்தம் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது பெரிய ஆறுதல்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். வண்டி வரும் நாளுக்கும் உங்கள் வரிப்பத்திரம் முடியும் நாளுக்கும் சம்பந்தம் இல்லை. கார்த்திகை மழையில் வீதி வெள்ளத்துக்குள் நின்றால் அந்த வருகை தள்ளிப்போகும். ஊரின் வாகனமெல்லாம் ஒரே நாளில் கூடுவதால் வரிசையும் நீளும். வண்டி பின்னேரம் போய்விட்டால், தவறிய வாகனத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது? அடுத்த வருகை வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்படியும் ரவுணுக்குத்தான் போக வேண்டும். அப்போது இரண்டு செலவும் உங்கள் தலையில்.

எஞ்சின் சூடு இங்கே எதிராக வேலை செய்யும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வந்து, எஞ்சினை நிறுத்தி, ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் நல்ல வாகனமும் தவறக்கூடும். முன்னுக்கு நாலைந்து வாகனம் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு, வீதியில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள். பரிசோதகர் கோபிக்க மாட்டார். அவருக்கும் ஒரே வாகனத்தை இரண்டு தரம் பார்க்கும் வேலை மிச்சம்.

உங்கள் வாகனம் புதிது, போன வருடம் முதல் தடவையிலேயே தேறியது, வரிப்பத்திரத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழியைத் தெரிவு செய்யலாம். தேறுமா என்ற சந்தேகம் உள்ள பழைய வாகனத்தை இதற்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஆள்விட்டு எடுப்பது

இதில் இரண்டு விதம். நம்பிக்கையான ஒருவரிடம் வாகனத்தைக் கொடுத்து ரவுணுக்கு அனுப்புவதில் பிழையில்லை. மச்சானோ கராஜ்காரத் தம்பியோ நாலு மோட்டார் சைக்கிளைப் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு ஒரே பயணத்தில் எடுத்து வந்தால் எல்லோருக்கும் செலவு குறையும். ஏற்றி இறக்கிய வாகனத்தின் எஞ்சின் ஆறிப்போயிருக்கும் என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

மற்ற விதம், 'எப்படியாவது பாஸ் பண்ணித் தாறன்' என்பது. இதைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என்னுடைய பழைய மோட்டார் சைக்கிள் முதல் தடவை தவறியது. காபன் மொனொக்சைட் அளவுக்கு மேல். பக்கத்தில் ஒரு கராஜில் காட்டினேன். "அண்ணை, காபரேற்றரிலை காற்றைக் கூட்டி விட்டிருக்கிறன். இப்ப கொண்டுபோய்க் காட்டுங்கோ, தேறும்" என்றார். தேறியது. சந்தோசமாகச் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாங்குளம் வந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் திரும்பினேன். காட்டுத் துண்டுக்குள் வரும்போது எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. மைமல் நேரம், யானை கடக்கும் இடம், தொலைபேசி எடுக்கவில்லை. கன்டர் லொறி ஒன்று வந்து ஏற்றும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காற்று அளவுக்கு மிஞ்சி, பெற்றோல் குறைந்து ஓடியதால் பிஸ்டன் இறுகியிருந்தது. சிலிண்டர் போர் அடித்துப் பிஸ்டன் மாற்றிய காசுக்குப் பல வருடப் புகைப் பரிசோதனை எடுத்திருக்கலாம். உண்மையில் என் எயார் பில்டர் செம்மண் தூசியால் அடைபட்டுக் கிடந்தது. அதைப் பார்த்திருந்தால் வேறெதையும் தொட வேண்டியிருந்திருக்காது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் நாங்கள். எம்.டி.90 மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு குடும்பத்தையும் நெல்மூட்டையையும் ஏற்றித் திரிந்த ஊர். ஓடவைத்தால் போதும் என்ற திறமை எங்கள் கைகளில் அப்படியே தங்கிவிட்டது. அது உயிரைக் காப்பாற்றிய திறமை. அந்தத் தேவை முடிந்த பிறகும் அதே கையால் வாகனம் பார்க்கிறோம் என்பதுதான் என் கவலை.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| | ரவுண் நிலையம் | நடமாடும் வண்டி | ஆள்விடுவது |
|---|---|---|---|
| போகும் நேரம் | ஒரு நாள் | அரை நாள், வரும் நாள் வரை காத்திருப்பு | உங்களுக்கு ஒன்றுமில்லை |
| எண்ணெய்ச் செலவு | தூரத்தைப் பொறுத்துக் கூடும் | சொற்பம் | பங்கிட்டால் குறையும் |
| தவறினால் | அன்றே திருத்தித் திரும்பக் காட்டலாம் | இரண்டாவது பயணம் | என்ன செய்தார்கள் என்றே தெரியாமல் போகலாம் |
| எஞ்சின் சூடு | ஓடி வந்ததால் சரியாக இருக்கும் | நீங்கள்தான் சூடாக்க வேண்டும் | ஏற்றிக்கொண்டு போனால் ஆறியிருக்கும் |
| யாருக்குப் பொருந்தும் | பழைய வாகனம், டீசல் வாகனம், நாள் நெருங்கியவர் | புதிய மோட்டார் சைக்கிள், அவகாசம் உள்ளவர் | பயணம் செய்ய முடியாதவர், நம்பிக்கையான ஆள் உள்ளவர் |

சர்வீஸ் செய்துவிட்டுப் போவதா, நேரே போவதா

எங்கே போவது என்பதைவிட இது முக்கியமான தீர்மானம் என்று நினைக்கிறேன். 'முதலில் காட்டுவோம், தவறினால் பார்ப்போம்' என்பது நகரத்தில் இருப்பவருக்குச் சரி. ஐம்பது கிலோமீற்றர் தள்ளி இருப்பவருக்குச் சரிவராது.

கிறவல் வீதியில் ஓடும் வாகனத்துக்கு எயார் பில்டர்தான் முதல் எதிரி. குளக்கட்டு வீதியிலும் வயல் வீதியிலும் ஓடும் வாகனத்தில், புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றர் கணக்குக்கு முன்னமே அது அடைபட்டுவிடும். காற்றுக் குறைந்தால் எரிபொருள் எரியாமல் கரும்புகையாக வரும். விலை குறைந்த சாமான், மாற்றுவது பத்து நிமிட வேலை. பெற்றோல் வாகனத்தில் அடுத்தது பிளக்கும் சோக்கும். சோக் பாதியில் இறுகி நின்று, அது தெரியாமலே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் அளவீடு சரியாக வராது.

டீசலில் எயார் பில்டருக்கு அடுத்தது எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நோசில். ஸ்டார்ட் பண்ணும்போதும் ஏற்றத்திலும் கரும்புகை அள்ளிக்கொண்டு வந்தால் நோசிலைக் கழற்றிப் பரிசோதித்துக்கொண்டு போங்கள். டீசல்காரர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பரிசோதனையில் எஞ்சினை உச்சம் வரை முடுக்குவார்கள். ஒயில் குறைந்திருந்தால், ரைமிங் பெல்ட் மாற்றும் காலம் கடந்திருந்தால், அந்த முடுக்கலில் எஞ்சினே போய்விடக்கூடும். பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாமல் இரண்டாம் கையாக வாங்கிய வாகனம் என்றால், பரிசோதனைக்கு முன்னம் மாற்றுவதுதான் புத்தி.

நீல நிறமாகப் புகை வந்தால் அது ஒயில் எரிகிற புகை. ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வ் சீல் போயிருக்கலாம். பில்டர் மாற்றி அது நிற்காது. அதற்கு எஞ்சின் இறக்க வேண்டும், அதற்கேற்ற நாளும் காசும் ஒதுக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த மிச்சம் நோசிலிலும் பம்பிலும் திரும்பப் போய்விடும்.

சர்வீஸை எப்போது செய்வது? புகை எடுப்பதற்கு மூன்று நாலு நாள் முன்னர். முந்திய நாள் செய்தால் பிழை வந்தாலும் தெரியாது. நாலு நாள் ஓடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதே நாளில், அதே கராஜ்காரரிடம் பிரேக், ரயர், விளக்கு, ஸ்டியரிங் நான்கையும் காட்டிவிடுங்கள். வாகனம் அங்கேதானே நிற்கிறது, சில்லைக் கழற்றிப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். இரவில் ஏ9இல் மாடு படுத்துக் கிடக்கும். பின் விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி நெல்லோடு முன்னால் போகும். அந்த நேரத்தில் கை தேடுவது பிரேக்கைத்தான், சட்டைப் பையில் இருக்கும் புகைச் சான்றிதழை அல்ல.

லொறி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு

தகுதிச் சான்றிதழும் புகைச் சான்றிதழும் ஒரே இடத்தில் கிடைக்காது. தகுதிப் பரிசோதனைக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அங்கீகரித்த கராஜுக்குப் போக வேண்டும். எந்தக் கராஜ் இப்போது பட்டியலில் இருக்கிறது என்று மாவட்டச் செயலகத்தில் உள்ள திணைக்கள அலுவலகத்தில் கேட்டறியலாம். உங்கள் வாகன வகுப்புக்கு அது தேவையா என்ற சந்தேகம் இருந்தால் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுபோய் வரிப்பத்திரம் வழங்கும் கவுண்டரில் காட்டிக் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி அலைய வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தகுதி, பிறகு புகை. தகுதிப் பரிசோதனையில் குறை கண்டால் வாகனம் கராஜில் நாட்கணக்கில் நிற்கும். எஞ்சினில் கை வைத்துவிட்டால் முன்னர் எடுத்த புகை அளவீட்டை நம்ப முடியாது. மாசி, பங்குனியில் காலபோக நெல் ஏற்றும் காலத்தில் இதைச் செய்ய எவருக்கும் நேரம் கிடைக்காது. வரிப்பத்திரம் அந்த மாதங்களில் முடிகிறது என்றால் தை பிறந்தவுடனேயே தொடங்கிவிடுங்கள்.

கிட்டிய நிலையத்தைக் கண்டுபிடிப்பது

போன வருடச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், எங்கே எடுத்தீர்கள் என்பது அதிலேயே இருக்கும். இரண்டு நிறுவனங்களின் இணையத் தளங்களிலும் நிலையங்களின் பட்டியல் உண்டு. நடமாடும் வண்டி எப்போது எங்கே வரும் என்பதைத் தொலைபேசியில்தான் கேட்க வேண்டும். கேட்கும்போதே கட்டணம் நிலையத்தில் எடுப்பதற்குச் சமமா, கூடவா என்றும், தவறினால் மறுபரிசோதனைக்கு எத்தனை நாள் அவகாசம் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரக் கவுண்டரில் இருப்பவர்களுக்கும் வண்டி வரும் நாள் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

வரிப்பத்திரத்தை இணையத்தில் புதுப்பிப்பவர்கள் புகைச் சான்றிதழையும் காப்புறுதியையும் தாளாகக் கொடுக்கத் தேவையில்லை, கணினியே சரிபார்க்கும். ஆனால் வாகன இலக்கத்தில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அது பொருந்தாது. நிலையத்தை விட்டு வெளியேறும் முன் சான்றிதழில் உள்ள இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பிழை கண்டால் திரும்ப 110 கிலோமீற்றர்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடு ஆவணித் திருவிழாவுக்கும் முந்திய கிழமைகளில் எல்லோரும் வாகனத்தைச் சரிபண்ணிக்கொண்டு வருவார்கள். கராஜிலும் கூட்டம், வீதியிலும் கூட்டம். அந்த நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

ஒட்டுசுட்டானில் இருந்து கேட்டவருக்கு என் பதில்: ஹையேஸ், டீசல், பதினெட்டு நாள். நடமாடும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமை எயார் பில்டரை மாற்றி, ஒயிலும் பெல்ட்டும் பார்த்து, நாலு சில்லையும் கழற்றிப் பிரேக்கைக் காட்டுங்கள். அடுத்த கிழமை நடுவில் ஒரு நாள், விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டு மாங்குளத்தால் கிளிநொச்சிக்குப் போங்கள். தவறினாலும் மத்தியானத்துக்குள் திருத்தித் திரும்பக் காட்ட நேரம் இருக்கும்.